வாசகர் கேள்வி – பதில்: வயரிங் செய்பவருக்குச் சான்று தருவது யார், செய்த வேலையைச் சோதிப்பது யார்?

வீட்டு மின்சாரம் பற்றி வந்திருந்த கடிதங்களில் ஒன்றுக்கொன்று தொடர்புடைய ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். இடம் கருதிக் கேள்விகள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் வீடு மிகவும் பழையது. மழைக்காலத்தில் சுவரைத் தொட்டால் மெல்லிய அதிர்வு தெரிகிறது என்று பிள்ளைகள் சொன்னதால், முழுவதையும் புதிதாக வயரிங் செய்வதென்று முடிவெடுத்துவிட்டோம். எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் வேலை செய்துகொடுக்கும் வயரிங் பாஸ் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் கையில் எந்தச் சான்றிதழும் இல்லை என்று அவரே சொல்கிறார். மாநகர சபையில் பதிந்த எலெக்ட்ரீசியன்களின் பட்டியல் ஏதும் உண்டா? – வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: முதலில் ஒன்று. சுவரில் அதிர்வு தெரிந்தால் மழை விடும்வரை காத்திருக்க வேண்டாம். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு இன்றைக்கே ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.

நீங்கள் கேட்ட பட்டியல் மாநகர சபையிடம் இல்லை. கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுப்பது, கட்டி முடிந்தபின் இணக்கச் சான்றிதழ் வழங்குவது போன்றவை அதன் வேலை. சுவருக்குள் கம்பி இழுப்பவரைப் பரீட்சித்து அனுமதிப்பத்திரம் கொடுப்பது அதன் பொறுப்பில் இல்லை. நம் நாட்டில் ஒரு மின்னிணைப்பாளரின் திறமைக்குச் சான்றாக இருப்பது தேசிய தொழிற் தகைமை, அதாவது எல்லோரும் என்.வி.கியூ. என்று சொல்வது. இதில் ஏழு மட்டங்கள் உள்ளன: முதல் நான்கும் சான்றிதழ், 5ஆம் 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம். வீட்டு வயரிங் செய்பவருக்கு 3ஆம் மட்டம் இருந்தால் அடிப்படை தெரிந்தவர் என்று கொள்ளலாம். 4ஆம் மட்டம் இருந்தால் தனித்து நின்று வேலையை முடிக்கக்கூடியவர். இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்னிணைப்பாளர்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோதும் இந்த 3ஆம் மட்டத்தையே அடிப்படையாக வைத்தது.

சான்றிதழ் இல்லை என்பதற்காக உங்கள் பாஸைக் கைவிட வேண்டியதில்லை. வகுப்பில் உட்காராமல் வேலையிலேயே பழகியவர்களுக்கென்று முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியொன்று என்.வி.கியூ. முறைக்குள்ளேயே இருக்கிறது. அவர் இதுவரை செய்த வேலைகளின் விபரம், புகைப்படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் ஆகியவற்றைக் கோவையாகச் சேர்த்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னிலையில் செய்துகாட்டினால் அதே சான்றிதழைப் பெறலாம். நைட்டா என்று அழைக்கப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் இதற்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் வீட்டு வேலையையே அந்தக் கோவைக்குரிய சான்றாக அவர் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். அதற்கு நீங்களும் ஒரு கடிதம் கொடுங்கள்.

அதற்கிடையில் அவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த இடத்துக்கு எந்தக் கம்பி போடப்போகிறீர்கள் என்பது முதலாவது. வெளிச்சத்துக்கு 1/1.13, பிளக்குக்கு 7/0.67 (முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, அடுத்தது ஓர் இழையின் விட்டம் மில்லிமீற்றரில்) என்ற அளவில் தயங்காமல் பதில் வர வேண்டும்; "எல்லாத்துக்கும் ஒரே வயர் போதும், அம்மா" என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். கம்பியை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்குவதானால் சுருளின் மேலுள்ள எஸ்.எல்.எஸ். முத்திரையை நீங்களே பார்த்து வாங்குங்கள், பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, வேலை முடிந்தபின் எதை வைத்துச் சோதிப்பீர்கள் என்பது. சட்டைப்பையில் செருகிய டெஸ்டர் ஒன்று மட்டும்தான் கருவி என்றால் அது போதாது. மெகர் எனப்படும், காப்புத்தடையை, அதாவது கம்பியின் உறை மின்சாரம் கசியாமல் எவ்வளவு தடுக்கிறது என்பதை அளக்கும் கருவி வேண்டும். சொந்தமாக இல்லாவிட்டாலும் இரவல் வாங்கி வரலாம்.

மூன்றாவது, நிறங்களைப் பற்றியது. பழைய வீட்டில் ஒரு பகுதியை மட்டும் மாற்றும்போது இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். பழைய முறையில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நியூட்ரல். புதிய முறையில் மண்ணிறம் உயிர்க்கம்பி, நீலம் நியூட்ரல். மூன்று பேஸ் இணைப்புள்ள வீடுகளில் பழைய நீலமும் உயிர்க்கம்பிதான்; புதிய முறையிலோ கறுப்பு உயிர்க்கம்பிகளில் ஒன்று. ஆகவே ஒரே பெட்டிக்குள் பழைய நீலமும் புதிய நீலமும் சந்திக்கும் வீட்டில், நிறத்தை நம்பிக் கைவைத்தால் உயிராபத்து. அந்த இடத்தில் என்ன எழுதி ஒட்டுவீர்கள் என்று கேட்டால், தெரிந்த பாஸ் உடனே விளங்கிக்கொள்வார்.

கேள்வி: மகள் குடும்பம் அமெரிக்காவில் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் சிறிய ஊரொன்றில் இருக்கிறது. நான் அங்கு போயிருந்தபோது மருமகன் சமையலறையைத் திருத்தினார். கம்பிகளை இழுத்து முடித்தபின், சுவரை மூடாமல், ஊர் மன்றத்திலிருந்து ஒருவர் வரும்வரை வேலையை நிறுத்தி வைத்தார்கள். வந்தவர் டோர்ச் அடித்துப் பார்த்து, ஒரு பெட்டிக்குள் கம்பிகள் அளவுக்கு மேல் நெருக்கமாக இருப்பதாகச் சொல்லி மாற்றச் சொன்னார். மாற்றிய பிறகுதான் சுவர் மூடப்பட்டது. இவர் யார்? எலெக்ட்ரீசியனுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பதும் அதே ஊர் மன்றம்தானா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளவத்தை

பதில்: நீங்கள் பார்த்தவர் அந்த ஊரின் மின்கம்பிப் பரிசோதகர். அனுமதிப்பத்திரம் கொடுப்பது அவருடைய ஊர் மன்றம் இல்லை, மாநிலம். மசாசுசெற்ஸில் இந்த இரண்டு வேலைகளும் இரண்டு கைகளில் இருக்கின்றன என்பதுதான் உங்கள் கடிதத்தில் கவனிக்கத்தக்க விடயம்.

ஆளைச் சோதிப்பது மாநில அளவிலான தேர்வுச் சபை. அங்கே ஒருவர் தேர்ந்த மின்பணியாளராக வேண்டுமானால் 8,000 மணித்தியாலம் இன்னொருவரின் கீழ் வேலை செய்திருக்க வேண்டும். 600 மணித்தியாலம் வகுப்பிலும் இருந்திருக்க வேண்டும். அதன் பிறகே பரீட்சை. அந்தப் படியைக் கடந்தவரே அடுத்ததாகத் தலைமை மின்பணியாளர் என்ற நிலைக்குப் போகலாம். அனுமதிப்பத்திரத்தை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பதற்குள் மேலதிக வகுப்புகளுக்கும் போயிருக்க வேண்டும். இது ஏன் என்றால், அமெரிக்கா முழுவதும் மாதிரியாகக் கொள்ளப்படும் தேசிய மின் விதிக்கோவை, 1897இல் முதன்முதல் வெளிவந்தது, இப்போது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. இருபது வருடங்களுக்கு முன் பரீட்சையில் சித்தியடைந்தவர் அன்றைய விதியோடு நின்றுவிடக்கூடாது.

வேலையைச் சோதிப்பது ஊர். ஒவ்வொரு நகரமும் மின்கம்பிப் பரிசோதகர் ஒருவரை நியமிக்கிறது. அவரே அனுமதிப்பத்திரம் பெற்ற மின்பணியாளராக இருக்க வேண்டும். கூலிக்கு வயரிங் செய்பவர் வேலை தொடங்கிய 5 நாட்களுக்குள் அவருக்கு அறிவிக்க வேண்டும், முடிந்ததும் திரும்பவும் அறிவிக்க வேண்டும். முடிந்ததாக அறிவித்த 5 நாட்களுக்குள் சரி அல்லது சரியில்லை என்று பரிசோதகர் எழுத்தில் சொல்ல வேண்டும். சுவர் மூடப்படுமுன் ஒரு தடவை, எல்லாம் பொருத்தியபின் ஒரு தடவை என்று பார்ப்பது வழக்கம். முதல் தடவைதான் முக்கியமானது. பெட்டிக்குள் எத்தனை கம்பிகள், ஆணி அடித்தால் குத்துப்படும் தூரத்தில் கம்பி ஓடுகிறதா, எர்த் கம்பி ஒவ்வொரு பெட்டிக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் சாந்து பூசிய பிறகு யாருக்கும் தெரியாது. உங்கள் மருமகன் அன்று வேலையை நிறுத்தி வைத்தது அதனால்தான்.

செலவை வீட்டுக்காரர்தான் ஏற்கிறார். வேலை அனுமதிக்குக் கட்டும் கட்டணத்திலிருந்து பரிசோதனைச் செலவு பெரும்பாலும் ஈடுசெய்யப்படுகிறது. பெரிய நகரங்களில் முழுநேரப் பரிசோதகர்கள் பலர் இருப்பார்கள். சிறிய ஊர்களில் ஒருவரே பகுதிநேரமாகப் பார்ப்பார். சில இடங்களில் அயலூர்களுக்கும் அவரே போவார். பகுதிநேரக்காரர் மற்ற நேரங்களில் தானும் வயரிங் செய்து பிழைப்பவர் என்பதால், அவர் செய்த வேலையை அவரே பார்த்துக் கையெழுத்திட முடியாது; அதற்கென்று இன்னொருவர் வர வேண்டும். ஆள் கிடைப்பதும் எளிதில்லை. அனுபவமுள்ள மின்பணியாளர் வெளியே நன்றாகச் சம்பாதிக்கும்போது ஊர் மன்றத்தின் சம்பளத்துக்கு வர விரும்புவதில்லை. ஏணி ஏறி அலுத்தவர்களும் ஓய்வை நெருங்குபவர்களுமே அதிகமாக வருகிறார்கள். அவர்கள் போனால் வெற்றிடம் நெடுநாள் கிடக்கிறது. சில நகரங்கள் சிறிய வேலைகளைக் கைத்தொலைபேசி வீடியோ மூலமே பார்த்து முடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்கா முழுவதும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூயோர்க், பென்சில்வேனியா, இல்லினோய் ஆகியவற்றில் மின்பணியாளருக்கு மாநில அனுமதிப்பத்திரமே கிடையாது. அந்தந்த நகரமோ மாவட்டமோதான் கொடுக்கிறது. நியூயோர்க் நகரில் தலைமை மின்பணியாளராக வேண்டுமானால் கடந்த 10 ஆண்டுகளுக்குள் ஏழரை ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். அங்கே பெற்ற அனுமதிப்பத்திரம் அடுத்த மாவட்டத்தில் தானாகச் செல்லுபடியாகாது. அதே மாநிலத்தில் நகருக்கு வெளியேயுள்ள ஊர்கள் பலவற்றில் மின்பரிசோதகரே இல்லை. மன்றம் அங்கீகரித்த தனியார் பரிசோதனை நிறுவனம் பார்த்துச் சான்று கொடுக்கிறது. பல சமயங்களில் அந்த நிறுவனத்தை அழைப்பவரும் காசு கொடுப்பவரும் வயரிங் செய்த ஒப்பந்தக்காரர்தான். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. கடுமையாகப் பார்ப்பவரை ஒப்பந்தக்காரர் இரண்டாம் முறை அழைப்பாரா?

கேள்வி: வெளிநாடுகளில் நகர சபைகளே மின்பரிசோதகர்களை வைத்திருக்கும்போது, வீட்டு வரியை ஒழுங்காக வாங்கும் கொழும்பு மாநகர சபைக்கு ஏன் அது முடியாது? – வாசகர், மட்டக்குளி

பதில்: வரியைப் பற்றிய உங்கள் கோபத்தை விளங்கிக்கொள்கிறேன். ஆனால் இந்த விடயத்தில் நம் வரலாறு வேறு வழியாகப் போயிருக்கிறது.

கொழும்பில் மின்சாரம் 1895இல் பௌஸ்டெட் சகோதரர்கள் என்ற தனியார் கம்பனியால் தொடங்கப்பட்டது. 1927இல் அரசாங்கத் திணைக்களத்தின் கைக்கு வந்தது. 1969இல் இலங்கை மின்சார சபை உருவானது. அதற்குப் பின்னரும் பல இடங்களில் உள்ளூர் மன்றங்களே மின்சாரத்தை மொத்தமாக வாங்கி வீடுகளுக்கு விநியோகித்து வந்தன. அந்தக் காலத்தில் மன்றத்தில் மின் பிரிவு இருந்தது, கம்பமேறுபவர் இருந்தார், மின் கணக்கு இருந்தது. பராமரிப்பும் நிலுவையும் மோசமானபோது, 1983இல் லெகோ என்ற லங்கா மின்சாரக் கம்பனி அமைக்கப்பட்டு, கோட்டே, நுகேகொடை, களனி, மொரட்டுவை போன்ற இடங்களின் விநியோகம் மன்றங்களிடமிருந்து எடுக்கப்பட்டது. அன்றைக்கு மின்சாரத்தோடு மின்சாரம் தெரிந்த ஆட்களும் உள்ளூராட்சியை விட்டுப் போய்விட்டார்கள். கொழும்பு நகருக்குள் மின்சார சபை, அதைச் சுற்றிய பல இடங்களில் லெகோ என்ற ஏற்பாட்டில் மன்றத்துக்குத் தெருவிளக்கோடு வேலை முடிந்துவிட்டது.

சட்டத்தில் மின்பரிசோதகர் என்ற பதவி நமக்குப் புதிதல்ல. 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டமும் அதைப் பற்றிப் பேசியது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் துறையையே மாற்றியமைக்க வந்தது. ஆனால் இத்தகைய பரிசோதகரின் கண் முக்கியமாக இருப்பது மின் உற்பத்தி, விநியோகக் கம்பிகள், விபத்துகள் ஆகியவற்றின் மேல். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுச் சுவர் மூடப்படுமுன் வந்து டோர்ச் அடித்துப் பார்ப்பவர் அந்த ஏற்பாட்டுக்குள் இல்லை.

மாநகர சபையே அனுமதிப்பத்திரமும் கொடுத்துப் பரிசோதனையும் செய்ய வேண்டும் என்பது உங்கள் கருத்தானால் அதன் முதற்பாதியோடு நான் உடன்படவில்லை. நாட்டில் 341 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனிப் பரீட்சை வைத்தால், கொழும்பில் சித்தியடைந்த பாஸ் தெகிவளைப் பாலத்தைக் கடந்ததும் அனுமதியில்லாதவராகிவிடுவார். சிறிய மன்றங்களில் பரீட்சையைத் திருத்தத் தெரிந்தவரும் இருக்கமாட்டார். ஆளுக்கு நாடு முழுவதும் ஒரே சான்று என்ற என்.வி.கியூ. வழி சரியானதுதான். கட்டாயமும் கண்காணிப்பும்தான் அதற்கு வேண்டும்.

பரிசோதனை வேறு. அதற்கு வீட்டுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். மன்றம் புதிதாக ஆள் எடுப்பதென்றால் முகாமைத்துவச் சேவைகள் திணைக்களத்தின் ஆளணி அனுமதியிலிருந்து தொடங்க வேண்டும். அது கிடைத்தாலும் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் சம்பளத்துக்கு நல்ல மின்னிணைப்பாளர் வருவாரா என்பது அடுத்த சிக்கல், அமெரிக்காவிலும் இதே சிக்கல் இருப்பதை மேலே பார்த்தோம். நிரந்தர ஆளணி இல்லாமலும் செய்யலாம். 4ஆம் மட்டத் தகைமையும் நீண்ட அனுபவமும் உள்ளவர்களைப் பரிசோதகர் பட்டியலில் சேர்த்து, வீட்டுக்காரர் கட்டணத்தை மன்றத்தில் கட்ட, பட்டியலில் அடுத்த பெயர்க்காரரை மன்றமே அனுப்பலாம். யாரை அனுப்புவது என்பதை வயரிங் செய்தவர் தெரிவு செய்யக்கூடாது. இந்த ஒன்றை விட்டுக்கொடுத்தால் மீதியெல்லாம் வெறும் காகிதம்தான். இணக்கச் சான்றிதழ் கொடுக்கும் கட்டத்தோடு இதை இணைத்தால், புதிய கட்டடங்களிலாவது தொடங்கிவிடலாம். பழைய வீடுகள் அப்போதும் வெளியேதான் நிற்கும் என்பது உண்மை.

கேள்வி: நாங்கள் தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். மின்சார சபை இணைப்புக் கொடுத்தபோது வந்து சோதித்துத்தான் கொடுத்தது. அந்த இணைப்புக்கு இப்போது வயது இருபதுக்கு மேல். அது போதாதா? மழை பெய்தால் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது. பாஸ் வந்து ஏதோ செய்தார், இப்போது விழுவதில்லை. – வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரி எனக்குப் பயத்தைத் தருகிறது. அந்தப் பாஸ் செய்த "ஏதோ" என்னவென்று இந்த வாரமே வேறொருவரைக் கொண்டு பெட்டியைத் திறந்து பாருங்கள். ட்ரிப் சுவிட்சின் உள்வருகைக் கம்பியையும் வெளிச்செல்லும் கம்பியையும் ஒரு துண்டுக் கம்பியால் நேரே இணைத்திருந்தால், சுவிட்ச் பார்வைக்கு நிமிர்ந்தே நிற்கும், ஆனால் ஒருவருக்கு மின்சாரம் பிடித்தாலும் விழாது. மழையில் அது விழுந்ததற்குக் காரணம் எங்கோ ஈரம் பட்டு மின்சாரம் கசிகிறது என்பதே. பெரும்பாலும் பல்கனி விளக்கு, குளியலறைக் கீசர், சலவை இயந்திரத்தின் பிளக் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். கசிவைத் தேடிப் பிடிக்க அரை நாள் ஆகலாம், துண்டுக் கம்பி போட ஐந்து நிமிடம் போதும்.

மின்சார சபையின் சோதனை இணைப்புக் கொடுக்கும் அந்த நாளுக்குரியது. அதன் பொறுப்பு மீற்றரோடு முடிகிறது. மீற்றருக்கு இப்பால் நடப்பது உங்களுடையது. அன்றைக்குப் பிறகு நீங்கள் குளிரூட்டி இரண்டு பூட்டியிருப்பீர்கள், முன்னிருந்தவர் சமையலறையை மாற்றியிருப்பார்; அதையெல்லாம் யாரும் வந்து பார்க்கவில்லை. மாடிப்படி விளக்கு, மின்தூக்கி, கீழிருந்து மேலே ஏறும் பிரதான கம்பி ஆகியவை பொதுச் சொத்து. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்படி அவை வீட்டுச் சொந்தக்காரர்கள் அடங்கிய முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. ஆகவே உங்கள் வீட்டை மட்டும் சோதித்து நிறுத்தாமல் அடுத்த கூட்டத்தில் பொதுப் பகுதியைப் பற்றியும் கேளுங்கள்.

சோதனைக்கு வருபவர் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தால் அவர் செய்ததும் செய்யாததும் உங்களுக்குத் தெரியும். மின்சாரத்தை நிறுத்தி, எர்த் கம்பி ஒவ்வொரு பிளக்குக்கும் தொடர்ந்து போகிறதா என்று அளப்பார். பிறகு 500 வோல்ட்டில் காப்புத்தடையைப் பார்ப்பார். குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும், நல்ல வயரிங்கில் அது பல மடங்கு கூடுதலாகவே வரும், 1க்கு அருகில் வந்தால் எங்கோ கோளாறு என்று கொள்ளுங்கள். உயிர்க்கம்பியும் நியூட்ரலும் எங்காவது இடம் மாறியிருக்கின்றனவா என்பது அடுத்தது. கடைசியாக, மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்து ட்ரிப் சுவிட்சைக் கருவியால் சோதிப்பார்: 30 மில்லி அம்பியர் கசிவில் 300 மில்லி செக்கனுக்குள் அது விழ வேண்டும், அதன் ஐந்து மடங்கில் 40 மில்லி செக்கனுக்குள். சுவிட்சின் மேலுள்ள சிறிய பொத்தானை நீங்களே அவ்வப்போது அழுத்திப் பார்க்கலாம், அழுத்தவும் வேண்டும். ஆனால் அது சுவிட்சின் உட்பொறி வேலை செய்கிறது என்பதை மட்டுமே காட்டும். எர்த் அறுந்திருந்தாலும் அந்தப் பொத்தானுக்கு அது விழத்தான் செய்யும்.

இந்த எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதித் திகதியும் கையெழுத்தும் இட்டு வாங்குங்கள். "எல்லாம் ஓகே" என்று வாயால் சொல்வது பரிசோதனை இல்லை. நம் வயரிங் முறை பின்பற்றும் பிரித்தானிய விதிகளின் வழிகாட்டலில், சொந்த வீட்டுக்கு 10 ஆண்டுக்கு ஒருமுறை முழுச் சோதனை என்று வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் வாடகை வீடுகளுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை என்பதை 2020இல் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். கடற்காற்றில் பிளக்கின் பித்தளை பச்சை பூக்கும் பம்பலப்பிட்டியில் 5 ஆண்டு என்று வைத்துக்கொள்வதே நல்லது.

கேள்வி: மகன் சாதாரண தரம் எழுதிவிட்டான். எலெக்ட்ரீசியன் வேலையில் ஆசை. ரொறன்ரோவிலிருக்கும் அவனுடைய பெரியப்பா, இங்கே படித்து நேரத்தை வீணாக்காமல் அங்கே வந்து பழகட்டும் என்கிறார். என்ன செய்யலாம்? – வாசகர், தெகிவளை

பதில்: பெரியப்பாவின் அக்கறை நல்லதுதான், ஆனால் இங்கே படித்தால் நேரம் வீண் என்று சொல்லமாட்டேன். மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், நைட்டாவின் பயிலுனர் திட்டம், மொரட்டுவையிலுள்ள இலங்கை–ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் ஆகியவற்றில் விசாரியுங்கள். பயிலுனர் திட்டத்தில் சேர்ந்தால் வேலைத்தளத்திலேயே பழகலாம். தமிழ் மொழியில் பாடநெறி எந்த நிலையத்தில், எந்தக் காலப்பகுதியில் நடக்கிறது என்பதை விண்ணப்பிக்குமுன் நேரில் போய்க் கேட்பது நல்லது.

ஒன்ராறியோவில் மின்வேலை கட்டாயத் தொழிற்பிரிவு. பதிவுபெற்ற பயிலுனராகவோ சான்றுபெற்றவராகவோ இல்லாமல் கைவைக்க முடியாது. கட்டட மின்பணியாளருக்குரிய 309ஏ என்ற பிரிவில் பயிற்சிக்காலம் ஏறத்தாழ 9,000 மணித்தியாலம், அதன் முடிவில் பரீட்சை. வெளிநாட்டு அனுபவமுள்ளவர்கள் அதை மதிப்பிடச் சொல்லி விண்ணப்பித்து, ஏற்றுக்கொள்ளப்பட்டால் பயிற்சிக்காலமின்றி நேரே பரீட்சைக்குப் போகலாம். தனியே ஒப்பந்தம் எடுத்துச் செய்ய அதுவும் போதாது. தலைமை மின்பணியாளர் தகுதியும் ஒப்பந்தக்காரர் அனுமதிப்பத்திரமும் வேண்டும். இந்த அனுமதிப்பத்திரத்தை முன்பு அங்கேயும் நகர சபைகளே தனித்தனியாகக் கொடுத்து வந்தன. 2007 முதல் மாகாணம் முழுவதற்கும் ஒன்றாக்கிவிட்டார்கள். வேலையைச் சோதிப்பது மின் பாதுகாப்பு அதிகாரசபை என்ற தனி அமைப்பு. வேலை தொடங்கிய 48 மணித்தியாலத்துக்குள் அதற்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. பெரியப்பாவுக்கு இது தெரிந்திருக்கும். வீட்டில் வேலை செய்வித்திருந்தால் ஒப்பந்தக்காரரின் வாகனத்திலும் பற்றுச்சீட்டிலும் அனுமதிப்பத்திர இலக்கத்தைப் பார்த்திருப்பார்.

அங்கே அனுபவத்தை மதிப்பிடுபவர்கள் கேட்பது மணித்தியாலக் கணக்கையும் அதற்குச் சாட்சியையும். நம் பிள்ளைகள் பலர் பல வருடம் வேலை செய்திருந்தும் காட்ட ஒரு துண்டுத்தாள் இல்லாமல் அங்கே முதலாம் ஆண்டிலிருந்து தொடங்குவது இதனால்தான். மகன் இங்கே பயிலுனராகச் சேரும் நாளிலிருந்தே ஒரு கொப்பியில் திகதி, இடம், செய்த வேலை, மணித்தியாலம் ஆகியவற்றை எழுதி, மாத முடிவில் மேற்பார்வையாளரின் கையெழுத்தையும் நிறுவன முத்திரையையும் வாங்கி வைக்கட்டும். 4ஆம் மட்டம் முடிந்தபின் வெளிநாடு போவதா, இங்கேயே இருப்பதா என்று தீர்மானிக்கலாம்.